எந்த ஊர் தம்பி, எந்தத் தெரு?

இந்த எபிசோட் ஏன் இவ்வளவு லேட்டுன்னு கேட்டிருந்தீங்க. வீடு தேடிட்டு இருந்தேன். மூணு வார இறுதியில், வேளச்சேரியிலிருந்து மேடவாக்கம் வரைக்கும் பதினோரு வீடு பார்த்தாச்சு.

எல்லா வீட்டிலும் அட்வான்ஸ் பேச்சு கடைசியில்தான் வரும். முதலில் பேச்சிலரா, நான்-வெஜ் சமைப்பீங்களா, சொந்த ஊர் எது. ஊர் பேரைச் சொன்னா, "அங்க எந்தத் தெரு?" எதுக்குக் கேட்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும். தெருவைச் சொன்னேன். நாலு வீட்டில் "சொல்லி அனுப்புறோம் தம்பி". இன்னும் அனுப்பிட்டே இருக்காங்க.

அந்தக் கடுப்பில் வாடகைச் சட்டங்களைப் படிக்க ஆரம்பிச்சேன். மெட்ராஸில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போர் காலத்தில் அரசாணையா வந்தது. 1946-ல் சட்டமானது, 1949-ல் இன்னொன்னு, பிறகு 1960 சட்டம். ரொம்ப நாள் ஓடியது அதுதான். அதன்படி நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லி நீங்க கேட்கலாம். காரணமில்லாம காலி பண்ணச் சொல்ல முடியாது. அட்வான்ஸ்? ஒரே ஒரு மாச வாடகை. ஆமா, பத்து மாச அட்வான்ஸுக்குப் பேர் போன நம்ம சென்னையில்தான்! சட்டம் புத்தகத்தில் இருந்தது, வழக்கம் வாசலில் நின்னது. பின்னாடி பத்து பேர் க்யூவில் நிற்கும்போது எவன் போய் செக்‌ஷன் 7-ஐ ஓனரிடம் காட்டுவான்?

மாச வாடகை 400 ரூபாயைத் தாண்டிய வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லைன்னு ஒரு விதிவிலக்கும் இருந்தது. ஒரு எண்ணை ஹார்ட்கோட் பண்ணிட்டு மறந்துட்டாங்க. விலைவாசி ஏறிக்கிட்டே போச்சு. 1986-ல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிடுச்சு.

என்னை உட்கார வெச்சது வேற ஒரு பிரிவு. வீடு காலியானா ஓனர் அரசுக்குத் தெரிவிக்கணும். அரசு தன் தேவைக்கோ தன் அதிகாரிகளுக்கோ அந்த வீட்டை எடுத்துக்கலாம். அதாவது "யாருக்கு வீடு" என்பதில் சட்டம் தலையிட்டிருக்கு. ஆனா அது அரசாங்கத்துக்காக. மத்தவங்களுக்கு யாரை உள்ளே விடுறதுன்னு முடிவு பண்றது ஓனர்தான்.

2017-ல் புதுச் சட்டம் போட்டாங்க, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், பதிவு பண்ணணும், டெபாசிட்டுக்கு மூணு மாச வாடகைன்னு வரம்பு. நியாய வாடகை போயிடுச்சு, இரண்டு பேரும் பேசி முடிவு பண்றதுதான் வாடகை. முழுசா இரண்டு தடவை படிச்சேன். தெருவைக் கேட்கக் கூடாதுன்னு எங்கேயும் இல்லை.

பதினோராவது வீடு மேடவாக்கத்தில். போகும்போதே புரோக்கர் அண்ணன் சொன்னார், "ஊரைக் கேட்டா சென்னைன்னு சொல்லிருங்க தம்பி." ஆனா அந்த ஓனரம்மா ஊரைக் கேட்கவே இல்லை. ஆறு மாச அட்வான்ஸ் கேட்டாங்க. மூணு மாசம்தான் வரம்புன்னு இத்தனை படிச்ச நான் வாயே திறக்கலை, ஜிபே பண்ணிட்டேன்.

அக்ரிமென்ட்டில் "நிரந்தர முகவரி"ன்னு ஒரு கோடு இருந்தது. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடிச்சுட்டு இருந்தேன். தெருப் பெயரோடு சேர்த்தே எழுதினேன். அந்தம்மா கண்ணாடியைப் போட்டு மெதுவா படிச்சாங்க. அப்புறம் தண்ணி மோட்டார் எத்தனை மணிக்குப் போடணும்னு சொல்ல ஆரம்பிச்சாங்க.