சூடு சொல்லிட்டு வரும்

பாண்டி என்றால் கடற்கரை, பிரெஞ்சுத் தெரு, அப்புறம் இன்னொன்று என்று வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள். இது கம்ப்யூட்டர் செய்த ஊர் என்பது பலருக்குத் தெரியாது. எச்சிஎல், விப்ரோ இரண்டுமே இங்கே தொழிற்சாலை வைத்து டெஸ்க்டாப் தயாரித்தவை. 2005-ல் ஐபிஎம்மின் பெர்சனல் கம்ப்யூட்டர் தொழிலை லெனோவோ வாங்கியபின் லெனோவோ பெட்டிகளும் இங்கிருந்து போயின.

அப்படிப் போகிற ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கும். பிராசஸருக்கு இவ்வளவு வேகம், இவ்வளவு வோல்டேஜ், இவ்வளவு சூடு. வாங்கியவன் அந்தக் கணக்கைத் திருத்தி எழுதுவதுதான் ஓவர்கிளாக்கிங். ஹாஸ்டல் ரூம்களில் இந்த வேலை இன்றும் நடப்பதால், அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஆரம்பம் ரொம்ப சாது. 1984-ல் வந்த ஐபிஎம் ஏ.டி. 6 மெகாஹெர்ட்ஸில் ஓடும். போர்டில் இருந்த 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பிடுங்கிவிட்டு 16 செருகினால் 8-ல் ஓடும். வோல்டேஜை யாரும் தொடவில்லை. பிறகு வந்த பயாஸில் ஐபிஎம் வேகத்தைச் சோதித்து இதைத் தடுக்கப் பார்த்தது, அது வேறு கதை.

இந்தக் கலை ஊர் உலகமெல்லாம் பரவியது 1998 ஆகஸ்டில் வந்த இன்டெல் செலரான் 300ஏ-யால். பெருக்கு எண் 4.5 என்று பூட்டியிருந்தது. ஆனால் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் ஓடிற்று. சில போர்டுகளில் இதற்கு பி21 என்ற ஒரு முனையின் மேல் துண்டு டேப் ஒட்டினாலே போதும்! விலை 149 டாலர். அதே 450 வேகத்தில் அதே மாதம் வந்த பென்டியம் 2 விலை 669 டாலர். செலரானின் 2.0 வோல்ட்டை ஏற்றாமலே பல சிப்புகள் இதைச் செய்ததால், வேகம் இலவசம் என்று ஒரு தலைமுறையே நம்பிவிட்டது.

இலவசம் இல்லை. நம் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் படித்ததுதான்: சிப்பின் மின்செலவு, வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு வர்க்கமாக ஏறும். 2002 ஜனவரியில் வந்த பென்டியம் 4 1.6ஏ சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1.6 கிகாஹெர்ட்ஸை 2.4-க்குக் கொண்டுபோனால் வேகம் ஒன்றரை மடங்கு. அதற்காக 1.5 வோல்ட்டை 1.7 ஆக்கினால் வர்க்கத்தில் 1.28 மடங்கு. பெருக்கிப் பாருங்கள், சூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வோல்டேஜ் ஏற்றியது என்னவோ வெறும் 13 சதவீதம்தான்.

அந்தச் சூட்டுக்குப் பெரிய ஃபேன் போட்டுச் சமாளித்தவர்கள் நிறைய. அப்புறம்தான் விபரீதம். 1.7 வோல்ட்டுக்கு மேல் ஓட்டிய அந்த நார்த்வுட் வகை சிப்புகள் சில வாரமோ சில மாதமோ நன்றாக உழைத்துவிட்டு ஒரு நாள் திடீரென்று செத்துப்போயின. டெம்பரேச்சர் பார்த்தால் சாதாரணம்! உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளில் மின்னோட்டம் உலோக அணுக்களையே தள்ளிக்கொண்டு போகிறது என்பதுதான் பரவலாகச் சொல்லப்பட்ட காரணம்.

இங்கேதான் என் கட்சி. நாம் பயப்படுவது சூட்டுக்கு; கொல்லுவது வோல்டேஜ். 2001-ல் ஒரு சோதனையில் ஹீட் சிங்கைக் கழற்றியபோது ஏஎம்டி அத்லான் சில விநாடிகளில் எரிந்தது. பென்டியம் 4 வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்று எல்லா பிராசஸரும் அப்படித்தான். சூடு சொல்லிட்டு வரும். வோல்டேஜ் சொல்லாமல் வரும். (வீட்டு கரண்ட்டைச் சொல்லவில்லை. ஸ்டெபிலைசர் இருக்கே என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். நான் சொல்வது மதர்போர்டிலிருந்து பிராசஸருக்குள் போகும் ஒன்றே கால் வோல்ட் சமாசாரம்.)

அதற்காக நம்ம ஊர் வெயிலை அலட்சியம் பண்ணச் சொல்லவில்லை. ஃபேனோ தண்ணீரோ எதுவானாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. 22 டிகிரி ஏசி அறையில் 80 காட்டுகிற சிப், கத்திரி வெயிலில் 36 டிகிரி மொட்டை மாடி அறையில் ஏறக்குறைய 94 காட்டும். வெளிநாட்டுக்காரன் கொடுத்த அளவை அப்படியே இங்கே போடக்கூடாது. பெல்டியர் தகடு வைத்து அறையைவிடக் குளிர்விக்கலாம் என்பார்கள். கடலோரத்தில் ஐஸ் மோர் டம்ளர் எப்படி வேர்க்கிறது? பிராசஸரும் அப்படித்தான் வேர்க்கும், சாக்கெட்டுக்குள்ளேயே.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை சிப்புகள் பல, யாரும் ஓவர்கிளாக் செய்யாமலே ஹேங் ஆயின. 2024-ல் இன்டெல் காரணம் சொன்னது: சிப்புக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய், கடிகாரத் துடிப்பைச் சுமக்கும் ஒரு சர்க்யூட் சீக்கிரமே மூப்படைந்துவிட்டது. அந்த ஆகஸ்டில் வந்த மைக்ரோகோட் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்க விடாமல் தடுத்தது. உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டினார்கள். ஏற்கெனவே கெட்ட சிப் மட்டும் திரும்பவில்லை. 2002-ல் பையன்கள் கையால் செய்த வேலையை, இந்த முறை ஃபாக்டரி அமைப்பே செய்துவிட்டது.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு: பயாஸில் வோல்டேஜை 'ஆட்டோ'வில் விட்டுவிட்டு வேகத்தை மட்டும் ஏற்றாதீர்கள், போர்டு தன் இஷ்டத்துக்குத் தாராளமாக ஊட்டும். முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். வோல்டேஜுக்கு ஓர் உச்ச வரம்பு முடிவு செய்து, அதற்குள் எந்த வேகம் நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தை முதலில் முடிவு செய்துவிட்டு வோல்டேஜைத் துரத்துவது தலைகீழ். பாதி நேரம், வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தாலே சூடு இறங்கி, சிப் தன் உச்ச வேகத்தில் கூடுதல் நேரம் நிற்கும். சோதனையை ஏப்ரல், மே பிற்பகலில் செய்யுங்கள். மார்கழியில் பாஸான செட்டிங் சித்திரையில் ஃபெயிலாகும்.

செலரான் 300ஏ யாரிடமாவது பரணில் கிடந்தால் சந்திப்பு நாளன்று எடுத்து வாருங்கள். போர்டு நான் கொண்டு வருகிறேன்.