கொள்ளிடத்து உல்லம்

நீலகிரி அவலாஞ்சியில் ஓடைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைத்துப் போகும். டிரௌட் மீனுக்கு அந்தக் குளிர்தான் உயிர். 1863-ல் பிரான்சிஸ் டே என்ற டாக்டர் அதை இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்து வில்ஸன் துரை ஜெயித்தார். தூண்டிலோடு உட்காரத் துரைமாருக்குத் தங்கள் ஊர்ச் சுகம் கிடைத்துவிட்டது.

அந்த ஓடைத் தண்ணீர் குந்தாவில் சேர்ந்து, பவானி வழியாகக் காவிரியில் கலந்து, தஞ்சாவூர் வயலுக்கும் வருகிறது. மீன் வராது. நம் வெயில் அதற்கு ஆகாது.

நமக்கென்று ஒரு மீன் இருந்தது. உல்லம். வங்காளிகள் உயிரை விடுகிறார்களே, அதே இலிஷ்தான். புதுவெள்ளம் வந்ததும் கடலை விட்டுக் கொள்ளிடத்தில் எதிரேறும், முட்டையிட. 1836-ல் காட்டன் துரை அணைக்கரையில் கீழணையைக் கட்டினார். சோறு போட்ட அணை. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உல்லத்துக்கு அது சுவர். டிரௌட்டில் ஜெயித்த அதே வில்ஸன் கொள்ளிடத்துக்கும் வந்து, உல்லத்தின் முட்டையை எடுத்துப் பொரிக்கப் பாடுபட்டார். மீன் ஏறிப் போக அணையில் படி வைத்தும் பார்த்தார்கள். உல்லம் அந்தப் படியைச் சட்டை செய்யவில்லை. 1934-ல் மேட்டூர் அணை எழுந்தது. அதன்பின் புதுவெள்ளமே மதகைத் திறந்து அளந்து விடுகிற சமாசாரமாகிவிட்டது.