‘காஞ்சனை’யின் வீடும் ஹேவாஹெட்டயின் லயமும்

பேய்க்கதை மாந்தரை உளப்பகுப்பாய்வு நோக்கில் ஆராயும் மரபுக்கு உரமிட்டது, 1919இல் சிக்மண்ட் பிராய்ட் எழுதிய கட்டுரையாகும். ஹொஃப்மனின் ‘மணல் மனிதன்’ என்னும் கதையை ஆராய்ந்த அவர், முன்னர் நன்கு பழகிப் பின்னர் உள்ளத்துள் அமுக்கப்பட்ட ஒன்று மீளத் தலைகாட்டும்போதே அமானுட அச்சம் பிறக்கின்றது என்றார். ‘வீட்டுக்குரியது’ எனப் பொருள்படும் ஜெர்மானியச் சொல் ‘மறைவானது’ என்ற பொருளையும் தருவதை அதற்குச் சான்றாக்கினார்.

தமிழில் இந்நோக்கிற்கு வாய்ப்பான கதை, 1943இல் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. கதைசொல்லி உறக்கமிழந்த ஓர் எழுத்தாளன். பிச்சை கேட்டு வந்த பெண்ணை அவன் மனைவி வேலைக்கு அமர்த்திக்கொள்கிறாள். இரவில் எழும் வாடையையும் மனைவியின் கழுத்தில் பட்ட காயத்தையும் நமக்குச் சொல்பவன் அவன் ஒருவனே. அவனோ கற்பனையையே தொழிலாகக் கொண்டவன்! மனைவி அஞ்சாது பழகும் பெண்ணிடம் அவன் அச்சங்கொள்வதை நோக்குமிடத்து, அவன் தன்னிடமே மறைத்த வேட்கைதான் காஞ்சனையாக உருக்கொண்டதோ என ஐயுற இடமுண்டு. இல்லத்தரசியும் வேலைக்காரியும் ஒரே பெண்மையின் இரு பாதிகள் என்று கொள்வதும் தகும்.

ஆயினும், இவ்விளக்கம் முழுவதும் ஒரு வீட்டை வேண்டி நிற்கின்றது. ஹேவாஹெட்டப் பகுதியில், லூல்கந்துர தோட்டத்தில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோயால் கோப்பி அழிய, தேயிலை மலைகளெங்கும் பரவியது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் ஓரறைக்குள் நிகழும் இடத்தில் மறைப்பதற்கு மூலை ஏது? உள்ளத்தின் அமுக்கத்தைப் பேசுவோர் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவது அரிது.

புதுமைப்பித்தன் இவ்வுலகை அறியாதவரல்லர். 1935இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த அவரது ‘துன்பக்கேணி’, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கு வந்து சீரழியும் மருதியைப் பற்றியது. அங்கே அச்சத்திற்குப் பேய் தேவைப்படவில்லை. மருதியை அழிப்போர் பகலிலே நடமாடும் மனிதர். காஞ்சனையும் வறுமையால் வாயிலில் வந்து நின்றவளாகவே கதைக்குள் நுழைகின்றாள். வீட்டுக்காரன் அவளிடம் பேயைக் கண்டான். அவள் எங்கிருந்து, எதனால் பிச்சைக்கு வந்தாள் என்பதை உளப்பகுப்பாய்வு கேட்பதில்லை. மருதியின் கதையோ அந்த வினாவிலிருந்தே தொடங்குகின்றது.