தென்னிந்தியத் திருச்சபையும் சபை ஒற்றுமையும்

தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என்ற மூன்றும் தத்தம் தனிப்பெயரை விட்டுவிட்டு ஒரே திருச்சபையாயின. பேராயர்கள் உள்ள சபையும் இல்லாத சபைகளும் இவ்வாறு முழுமையாக இணைந்தது கிறிஸ்தவ உலகுக்கே புதிது.

இணைப்பின் தேவை இந்த மண்ணிலேயே எழுந்தது. ஒருவர் பகுதியில் மற்றவர் நுழைவதில்லை என்று மிஷனெரிச் சங்கங்கள் ஊர்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. நாகர்கோவில் லண்டன் மிஷனிடமும், மதுரை அமெரிக்கன் மிஷனிடமும், மன்னார்குடி வெஸ்லியன் மிஷனிடமும் இருந்தன. திருநெல்வேலியில் எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என இரண்டு ஆங்கிலிக்கன் சங்கங்கள். இதனால் ஒருவர் எந்தச் சபை என்பதைப் பெரும்பாலும் அவர் பிறந்த ஊரே முடிவு செய்தது. ஐரோப்பாவில் யாரோ போட்ட சண்டையில் தமிழ், தெலுங்கு, மலையாளக் கிறிஸ்தவர்களுக்குப் பங்கில்லை. பிரிவினை மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது. பிழைப்புக்காக ஊர் மாறியவர், புதிய ஊரின் ஆலயத்தில் திருவிருந்துக்கு அந்நியராக நிற்க நேர்ந்தது.

1908இல் பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபையை அமைத்தனர். யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷன் சபைகளும் அதில் இணைந்தன. அடுத்த அடி 1919 மே மாதம் தரங்கம்பாடியில் எடுத்து வைக்கப்பட்டது. அங்கே கூடிய 33 ஊழியர்களில் இருவரைத் தவிர அனைவரும் இந்தியர்கள். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வி.எஸ். அசரியா அக்கூட்டத்தின் தூண். பிளவுபட்ட சபை நற்செய்தியை அறிவிக்கத் திராணியற்றது என்ற கவலையே அங்கு வெளியான அறிக்கையின் உயிர்நாடி. இயேசு தம் சீடர் ஒன்றாயிருக்க வேண்டிய மன்றாட்டை யோவான் 17ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. உலகம் நம்புவதற்காகவே அந்த ஒற்றுமை என்கிறது. அசரியாவின் வாதமும் அதுவே.

அதன்பின் 28 ஆண்டுகள் பேச்சுவார்த்தை நீடித்தது. வேதாகமம், விசுவாச அறிக்கைகள், ஞானஸ்நானம், திருவிருந்து ஆகியவற்றில் உடன்பாடு எளிதாகவே வந்தது. முட்டுக்கட்டையாக நின்றது போதகர்களின் அபிஷேகம். பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகரை ஆங்கிலிக்கன் தரப்பில் பலரால் ஏற்க முடியவில்லை. மறு அபிஷேகம் பெறுவது தங்கள் இத்தனை வருட ஊழியத்தையே செல்லாததாக்கும் என்று மற்றவர்கள் மறுத்தனர். முடிவில், இணைப்புக்கு முன் அபிஷேகம் பெற்ற எல்லாப் போதகர்களும் அப்படியே ஏற்கப்பட்டனர். இணைப்புக்குப் பின் வரும் அபிஷேகங்கள் அனைத்தையும் பேராயர்களே செய்வர் என்றானது. இரு தரப்பும் தாங்கள் உயிராக மதித்த ஒன்றில் இறங்கிவந்தன. சி.எஸ்.ஐ.யின் உண்மையான சாதனை இதுதான். ஆனாலும் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் பல ஆண்டுகள் வெளியிலேயே இருந்தனர். 1945 ஜனவரி 1 அன்று மறைந்த அசரியா இணைப்பைக் காணவில்லை.

1950இல் வெளிவந்த புதிய திருவிருந்து ஆராதனை முறை, சிரியன் சபை மரபிலிருந்து சமாதான வாழ்த்தை எடுத்துக்கொண்டது. போதகரிடமிருந்து தொடங்கி, கைகளைப் பற்றிக் கைமாறி, அது சபையின் கடைசி வரிசைவரை செல்கிறது. பிற்காலத்தில் மேலைநாட்டுச் சபைகள் பலவும் இந்த ஆராதனை முறையிலிருந்து கற்றுக்கொண்டன.

லுத்தரன் சபைகள் இணையவில்லை. ஆனாலும் மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியை சி.எஸ்.ஐ.யும் லுத்தரன் சபைகளும் சேர்ந்தே நடத்துகின்றன. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூட்டாக மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது.

சபைப் பிரிவுகளைவிட ஆழமான பிளவு சாதி. ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத் தனித் தெரு, தனிக் கல்லறை என்ற நிலை தமிழகக் கிறிஸ்தவ ஊர்கள் சிலவற்றில் இன்னும் தொடர்கிறது. தாம் பேராயராக இருந்த டோர்னக்கலில் சாதி வேற்றுமை பாராத சபையைக் கட்ட அசரியா பாடுபட்டார். அந்த வேலை இன்னும் முடியவில்லை. அதை முடிக்க வேண்டியவர்கள் பேராயர்கள் மட்டுமல்ல, ஞாயிறுதோறும் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பற்றிச் சமாதானம் சொல்லும் ஒவ்வொரு சபையாரும்தான்.