ஸ்விக்கியை நம்பாதவர்கள்

ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருளின் வரலாற்றைப் பெரும்பாலும் ஒரு புறக்கணிப்பின் கதையாகவே சொல்கிறார்கள். கலிஃபோர்னியாவில் இருந்த ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1933லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். அவர் எவரோடும் ஒத்துப்போகாத முரட்டு ஆசாமி என்பதால் ஒருவரும் காது கொடுக்கவில்லை. 1970களில்தான் வானியலாளர்கள் விழித்தார்கள் என்று. அவருடைய வாய்த்துடுக்கு உண்மைதான். ஆனால் அந்த நாற்பதாண்டுத் தயக்கத்துக்கு அதைவிட வலுவான காரணம் அவருடைய கணக்கிலேயே இருந்தது.

அவர் எடுத்துக்கொண்டது கோமா என்ற விண்மீன் மண்டலக் கொத்து. அதிலுள்ள மண்டலங்களின் வேகங்கள் ஒன்றுக்கொன்று நொடிக்கு 1000 கி.மீ.க்கும் மேல் வேறுபட்டன. கண்ணுக்குத் தெரியும் ஒளியை வைத்து எடைபோட்டால் இந்த வேறுபாடு 80 கி.மீ. அளவில்தான் இருக்க வேண்டும். கொத்து சிதறாமல் இருக்க, தெரிவதைப்போல் 400 மடங்கு நிறை வேண்டும் என்றார் ஸ்விக்கி. அன்று ஹபிள் தந்திருந்த தூர அளவுகோலோ பெரும் பிழையுள்ளது. அதை மட்டும் திருத்தினாலே அந்த மடங்கு ஏறக்குறைய எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிடும். கொத்தின் இடைவெளிகளில் சூடான வாயு நிறைந்திருப்பதும், அது விண்மீன்களைவிடப் பல மடங்கு கனமானது என்பதும் எக்ஸ்-கதிர்க் கருவிகள் விண்வெளிக்குப் போன பிறகே தெரிந்தன. கொத்து நிலையானதுதானா? சிதறிக்கொண்டே இருக்கிறது என்று 1950களில் வானியலாளர் அம்பார்ட்சூமியன் வாதிட்டதை எளிதில் தள்ள முடியவில்லை. ஒற்றைச் சாட்சியை வைத்துப் பிரபஞ்சத்தின் பெரும்பகுதி மறைந்திருக்கிறது என்று தீர்ப்பெழுத மறுத்தவர்களை மந்தபுத்திக்காரர்கள் என்பது நியாயமில்லை.

நிலைமையை மாற்றியது வேறு வகைச் சாட்சிகள். கென்ட் ஃபோர்டு உருவாக்கிய நிறமாலைமானியைக் கொண்டு 1970இல் வேரா ரூபினும் அவரும் ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் சுழற்சியை அளந்தார்கள். மையத்திலிருந்து விலக விலக, எதிர்பார்த்தபடி வேகம் குறையவில்லை. ஒளி ஓய்ந்த விளிம்புக்கு அப்பாலும் அப்படித்தான் என்று ஹைட்ரஜனின் 21 செ.மீ. ரேடியோ அலைகள் காட்டின. எஸ்தோனியாவில் ஐனாஸ்டோ குழுவினரும் பிரின்ஸ்டனில் ஆஸ்ட்ரைக்கர், பீபிள்ஸ், யாஹில் மூவரும் 1974இல் தனி மண்டலங்களின் கணக்கையும் கொத்துகளின் கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். என் பார்வையில் திருப்புமுனை இதுதான். தனித்தனியே சந்தேகிக்கத்தக்க அளவுகள் காணாத நிறை உண்டு என்ற ஒரே பக்கம் சாய்ந்தன.

காணாத பொருளைக் கற்பிப்பதைவிட ஈர்ப்பு விதியைத் திருத்தலாமே என்று கேட்கலாம். கேள்விக்கு முன்னுதாரணமும் உண்டு. யுரேனஸின் தடுமாற்றத்தை வைத்து லெவெரியே சொன்ன இடத்தருகே 1846இல் நெப்டியூன் அகப்பட்டது. புதனின் பிசகுக்காக அவர் கற்பித்த வல்கன் என்ற கோள் அகப்படவேயில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கைதான் அதைத் தீர்த்தது. அதே துணிவில் 1983இல் மில்குரோம் ஒரு மாற்று விதி தந்தார். தனி மண்டலங்களின் சுழற்சிக்கு அது வியக்கத்தக்கபடி பொருந்துகிறது. அதைக் கேலி செய்வோர் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் 2006இல் புல்லட் கொத்தைப் பற்றி வெளியான ஆய்வு அதற்குப் பெரிய இடறல். மோதிய இரு கொத்துகளின் வாயு நடுவே பின்தங்கிக் கிடக்க, பின்னணி ஒளியை வளைக்கும் நிறையின் பெரும்பகுதி அதைத் தாண்டி விலகி நின்றது. விண்மீன் மண்டலங்கள் ஒளியை வளைக்கும், அதைக்கொண்டு அவற்றை எடைபோடலாம் என்று 1937இல் சொன்னவரும் ஸ்விக்கிதான். மில்குரோமின் விதியை ஏற்றாலும், கொத்துகளுக்கு வரும்போது அதற்கும் கொஞ்சம் காணாத நிறை தேவைப்படுகிறது.