வீட்டுக்கு வந்த சேமிப்புப் பெட்டி

கான்பெர்ராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசிய சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991-ஆம் ஆண்டின் இறுதியில், தமது சாதாரண டாஸ் கணினி யூனிக்ஸ் இயந்திரத்திலுள்ள கோப்புகளைத் தன் சொந்த வட்டில் இருப்பவை போலவே காண வேண்டுமென்று விரும்பி, கணினிக்கும் டிஜிட்டல் என்னும் கணினி ஸ்தாபனத்தின் சர்வருக்கும் இடையே கம்பியில் ஓடிய செய்திகளை பைட் பைட்டாக உற்றுநோக்கி, அவை பேசிக்கொள்ளும் முறையைத் தாமே ஊகித்தறிந்து ஒரு நிரலாக எழுதி, 1992 ஜனவரியில் யாவரும் உபயோகிக்கும்படி வெளியிட்டார். பின்னாளில் சாம்பா என்று பெயர் பெற்ற அந்த நிரலே, இன்று வீட்டு ரவுட்டரின் பக்கத்தில் இருக்கும் மலிவான நாஸ் பெட்டிகளிற், அதாவது வலையமைப்பில் இணைத்துக்கொள்ளும் சேமிப்புப் பெட்டிகளிற், பெரும்பாலானவற்றுக்கு ஜீவநாடி.

அதற்கு முன்பே வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் வித்தை இருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். அதற்குச் சான்று. ஆயினும் அது பெரிய ஸ்தாபனங்களின் சொத்தாகவே விளங்கிற்று. வட்டுகளின் விஷயத்தில் அந்த நிலையை அசைத்தவர்கள், பெர்க்லி சர்வகலாசாலையிலிருந்து 1988-இல் கட்டுரை வெளியிட்ட பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர். பெருங்கணினிக்கென்று செய்த ஒற்றைப் பெரிய வட்டுக்குப் பதிலாக, சொந்தக் கணினிக்கான மலிவு வட்டுகள் பலவற்றை அணிவகுத்து நிறுத்தி, ஒன்று பழுதுற்றாலும் மற்றவற்றைக் கொண்டு தகவலை மீட்டுவிடலாம் என்ற அவர்களுடைய ரெய்டு முறையை, இன்றைய இருவட்டுப் பெட்டியும் எளிய வடிவில் கையாளுகிறது.

சாமானியரின் பணப்பைக்கு இந்த வித்தை எட்டிய கதையில் எனக்கு மிகவும் பிரியமானது, 2004-இல் லிங்க்சிஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த என்.எஸ்.எல்.யு.2 என்ற சின்னஞ்சிறு பெட்டி. தனக்கென்று வட்டே இல்லாமல், இரண்டு யு.எஸ்.பி. துளைகளும் 32 எம்.பி. நினைவகமும் மாத்திரமே கொண்டிருந்த அதனுள் லினக்ஸ் இயங்கிற்று. லினக்ஸின் உரிமவிதிப்படி மூலநிரல் வெளியாயிற்று. அதைக் கையிலெடுத்த ஆர்வலர்கள் புதிய நிரல்களை ஏற்றினார்கள். 266 மெகாஹெர்ட்ஸில் ஓடவல்ல அதன் சில்லு முதற்பிரதிகளில் பாதி வேகத்துக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதைக் கண்டு, பலகையிலிருந்த கடுகளவு ரெசிஸ்டர் ஒன்றைப் பெயர்த்தெடுத்தே அந்தக் கட்டை நீக்கினார்கள். 2005-இல் ஒலிவியே கோஷார் தொடங்கிய ஃப்ரீநாஸ், 2011-இல் வந்த ஓப்பன்மீடியாவால்ட் ஆகிய நிரல்களால், பரணில் கிடந்த பழைய கணினிக்கும் சேமிப்புப் பெட்டியின் பதவி கிட்டிற்று.

நிரல் நம் வசமில்லாத பெட்டியின் கதி வேறு. 2010-இல் வெளிவந்த வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிக்கு 2015-உடன் மென்பொருள் பராமரிப்பு நின்றுபோயிற்று. 2021 ஜூனில், பல தேசங்களில் இணையத்தோடு இணைந்திருந்த அப்பெட்டிகளின் உள்ளடக்கத்தை அந்நியர் யாரோ எங்கிருந்தோ துடைத்தழித்துவிட்டனர். இருவட்டு மாதிரியும் தப்பவில்லை; ரெய்டு முறை வட்டின் மரணத்துக்குத்தான் பரிகாரம், அழிக்கும் கட்டளையையோ அது இரு வட்டிலும் ஒருங்கே நிறைவேற்றிவிடும். ஆகவே குறைந்த செலவில் ஒன்றை வாங்க நினைப்பவர், எத்தனை ஆண்டுகள் மென்பொருள் திருத்தம் வரும் என்பதையும், அது நின்றபின் வேறு நிரலை ஏற்ற இடமுண்டா என்பதையும் முதலில் விசாரித்து, நகலுக்கென்று தனி யு.எஸ்.பி. வட்டு ஒன்றுக்கும் பணம் ஒதுக்கி, நகலெடுத்ததும் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.