நீரிழிவுக் கால் புண்: இரத்த அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

"சீ.ஆர்.பி. நோர்மல் என்று வந்திருக்கிறது, இனிப் பயமில்லைதானே?" காலில் புண்ணுள்ள சீனி நோயாளிகளின் வீட்டார் கேட்கும் கேள்வி இது. பதில் தெரியாமல் மருந்து கட்டுவதை நிறுத்துவோர் பின்னர் விரலையோ காலையோ இழக்க நேரிடலாம்.

நீரிழிவு நீண்டகாலம் கட்டுப்பாடின்றி இருந்தால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்தக் குழாய்கள் ஒடுங்குகின்றன. செருப்புக் கடித்த சிறு காயமும் வலியின்றியே ஆழமான புண்ணாகலாம். அதில் கிருமி தொற்றினால் உடலில் அழற்சி உண்டாகும். அந்த அழற்சியின் அடையாளங்களையே இரத்தத்தில் தேடுகிறார்கள்.

சீ.ஆர்.பி.: ஈரல் உற்பத்தி செய்யும் ஒரு புரதம். 1930இல் நியூமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறியப்பட்டது. அழற்சி தொடங்கிச் சில மணித்தியாலங்களில் உயர ஆரம்பித்து, சுமார் இரண்டு நாட்களில் உச்சத்தை எட்டும். காரணம் நீங்கினால் ஏறக்குறைய 19 மணித்தியாலங்களில் பாதியாகும். ஆகவே சிகிச்சை பலனளிக்கிறதா என்பதை இது விரைவில் காட்டும்.

ஈ.எஸ்.ஆர்.: செங்குழியங்கள் ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு கீழே படிகின்றன என்ற அளவு. மெதுவாக ஏறி, வாரக்கணக்கில் இறங்கும். இது 70 மில்லிமீற்றரைத் தாண்டினால், கிருமி எலும்பு வரை சென்றுவிட்டதா என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால் இரத்தச்சோகை, சிறுநீரக நோய், முதுமை ஆகியவற்றாலும் இது உயரும்.

வெண்குழியங்கள்: தொற்றின்போது அதிகரிப்பது வழக்கம். எனினும் கடுமையான பாதத் தொற்றுள்ள பலருக்கு இந்த எண்ணிக்கை இயல்பாகவே இருப்பதுண்டு.

எனவே ஒரு தடவை எடுத்த அறிக்கையைவிட, அடுத்தடுத்த அறிக்கைகள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பதே முக்கியம். சளிக்காய்ச்சலும் மூட்டு வாதமும்கூட சீ.ஆர்.பி.யை உயர்த்தும். மறுபுறம், அது குறைந்திருப்பதால் பாதத்துக்கு இரத்தம் போதியளவு செல்கிறது என்று பொருளல்ல. தொற்று உண்டா என்பதை முதலில் புண்ணைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும், சந்தேகம் எழும்போது இரத்தப் பரிசோதனை துணைநிற்கும் என்பதே 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டலும் சொல்வது.

புண் ஆறுகிறதா என்பதற்கு நம்பகமான அளவுகோல் புண்ணேதான். நான்கு வாரச் சிகிச்சைக்குப் பிறகும் அதன் பரப்பு பாதியளவு குறையாவிட்டால் சிகிச்சையை மீளாய்வு செய்ய வேண்டும். பாதத்தின் அழுத்தம் குறைக்கப்பட்டதா, இறந்த தசை அகற்றப்பட்டதா, இரத்தவோட்டம் போதுமா, சீனி கட்டுப்பாட்டில் உள்ளதா என வைத்தியரிடம் கேளுங்கள்.

வுழூச் செய்யும் ஒவ்வொரு வேளையும் பாதத்தைப் பார்க்க ஒரு வாய்ப்பு. விரலிடுக்குகளின் ஈரத்தைத் துடைத்து, அடிப்பாதத்தையும் கவனியுங்கள். முடியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் பார்த்துக் கொடுக்கலாம். சிவப்பு பரவுதல், வீக்கம், துர்நாற்றம், கருமை, காய்ச்சல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், கையிலுள்ள அறிக்கை நோர்மலாக இருந்தாலும் சரியே.